சி ஷார்ப் டெலிகேட் மக்கர் செய்தால்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

டெலிகேட் என்பது ஒரு மெத்தட்டின் முகவரிச் சீட்டு. சீட்டில் இரண்டு விவரம் இருக்கும்: எந்த மெத்தட், அதை எந்த ஆப்ஜெக்ட்டின் மேல் ஓட்ட வேண்டும். முதலாவது மெத்தட் என்ற பிராபர்ட்டியில் தெரியும், இரண்டாவது டார்கெட் என்ற பிராபர்ட்டியில். பல சீட்டுகளை ஒன்றாகப் பின் அடித்தும் வைக்கலாம்; அந்தக் கட்டுக்கு இன்வொகேஷன் லிஸ்ட் என்று பெயர். எழுதிய சீட்டில் அடித்தல் திருத்தல் கிடையாது. சேர்க்க += போட்டாலும் கழற்ற -= போட்டாலும் பழைய கட்டு அப்படியே இருக்கும்; புதுக் கட்டு ஒன்று உருவாகி அந்த வேரியபிளில் உட்காரும். கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இதில் ஏதோ ஒன்றை மறந்ததால் வருபவை.

உதாரணத்துக்கு ஒரு கடை பில்லிங் புரோகிராம். பில்கவுன்டர் என்று ஒரு கிளாஸ், அதில் பில்முடிந்தது என்று ஒரு ஈவென்ட் (நடந்ததை மற்றவர்களுக்கு அறிவிக்கும் டெலிகேட்). அதைக் கேட்டுக்கொண்டிருப்பவை மூன்று மெத்தட்: ரசீதுஅச்சிடு, ஸ்டாக்குறை, எஸ்எம்எஸ்அனுப்பு. இப்படித் தமிழிலேயே பெயர் வைக்க சி ஷார்ப் அனுமதிக்கிறது. கீவேர்டுகளும் லைப்ரரிப் பெயர்களும் இங்கே தமிழ் எழுத்தில் இருந்தாலும் எடிட்டரில் ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

ஈவென்ட் எழும்பும் வரியில், அதாவது அதை வைத்திருக்கும் கிளாஸுக்குள்ளேயே, பிரேக்பாயின்ட் வையுங்கள். வாட்ச் வின்டோவில் மூன்றைச் சேருங்கள்:

பில்முடிந்தது.டார்கெட்
பில்முடிந்தது.மெத்தட்
பில்முடிந்தது.கெட்இன்வொகேஷன்லிஸ்ட்().லெங்த்

டார்கெட் 'நல்' (அதாவது ஒன்றுமே இல்லை) என்றால் அது ஸ்டாட்டிக் மெத்தட். உங்கள் ஃபார்மின் பெயர் வந்தால் அந்த ஃபார்மின் இன்ஸ்டன்ஸ் மெத்தட். நீங்கள் எழுதவே எழுதாத டிஸ்ப்ளேகிளாஸ் என்ற பெயர் வந்தால், வெளி வேரியபிளைப் பிடித்து வைத்திருக்கும் லேம்டா (பெயரில்லாமல் அந்த இடத்திலேயே எழுதும் குட்டி மெத்தட்). எதையும் பிடிக்காத லேம்டாவுக்கும் டார்கெட் 'நல்' ஆக இருக்காது. கம்பைலர் அதற்கும் ஒரு குட்டி கிளாஸ் செய்து வைத்திருக்கும். ஆகவே 'டார்கெட் இருக்கிறதே, எதையோ பிடித்திருக்கிறது போல' என்று அவசரப்பட வேண்டாம்.

கட்டில் பல சீட்டுகள் இருந்தால் டார்கெட்டும் மெத்தட்டும் கடைசிச் சீட்டை மட்டும்தான் காட்டும். மற்றவற்றைப் பார்க்க லிஸ்ட்டை விரித்தே ஆக வேண்டும்.

கம்பைல் ஆகவில்லை: சிஎஸ்0123, பொருந்தும் ஓவர்லோட் இல்லை

சிஎஸ் என்று தொடங்குவது கம்பைலர் காட்டும் பிழை எண். மெத்தட், டெலிகேட் இரண்டின் பாராமீட்டர்களையும் ஒப்பிடுங்கள்: எண்ணிக்கை, வரிசை, டைப், கூடவே ரெஃப், அவுட், இன் குறிகள். நாலும் சரியாக இருப்பதாகத் தோன்றியும் பிழை போகவில்லையா? இரண்டு இடத்தைச் சந்தேகப்படலாம்.

ஒன்று, ஆப்ஷனல் பாராமீட்டர். பதிவுசெய் என்ற மெத்தட் ஒரு ஸ்டிரிங்கையும், கொடுக்காவிட்டால் 1 என்று எடுத்துக்கொள்ளும் இன்ட்டையும் வாங்குகிறது என்று வையுங்கள். நேரடியாகக் கூப்பிடும்போது ஒரே ஆர்கியுமென்ட் போதும். ஆனால் ஆக்‌ஷன்<ஸ்டிரிங்> (ஒரு ஸ்டிரிங் வாங்கி எதையும் திருப்பாத) டெலிகேட்டில் அதை வைக்க முடியாது. டீஃபால்ட் மதிப்பை இட்டு நிரப்புவது கூப்பிடும் இடத்தில் கம்பைலர் செய்யும் வேலை. சீட்டு எழுதும்போது மெத்தட்டின் முழு வடிவம்தான் கணக்கு. லேம்டா போட்டு மூடிவிடுங்கள்:

செய்தி => பதிவுசெய்(செய்தி)

இரண்டு, வேல்யூ டைப். டெலிகேட் ஸ்டிரிங் கொடுக்கிறது, மெத்தட் ஆப்ஜெக்ட் வாங்குகிறது என்றால் பொருந்தும்; தாய் டைப்பை ஏற்கும் மெத்தட்டுக்குக் குழந்தையைக் கொடுப்பதில் ஆபத்தில்லை. அதே தைரியத்தில் இன்ட் கொடுக்கும் டெலிகேட்டுக்கு ஆப்ஜெக்ட் வாங்கும் மெத்தட்டை வைத்தால் மறுத்துவிடும். இன்ட்டை ஆப்ஜெக்ட் ஆக்கப் பாக்ஸிங் (மதிப்பை ஓர் ஆப்ஜெக்ட்டுக்குள் பொதிவது) தேவை, அதைச் செய்ய நடுவில் யாரும் இல்லை. இங்கேயும் லேம்டாதான் வழி, பாக்ஸிங் செய்யும் கட்டளை அதற்குள் வந்துவிடும்.

கம்பைல் ஆகவில்லை: சிஎஸ்0407, ரிட்டர்ன் டைப் தவறு

மேலே சொன்னதன் மறுபக்கம். இன்ட் திருப்பும் மெத்தட்டை, ஆப்ஜெக்ட் திருப்பும் டெலிகேட்டான ஃபங்க்<ஆப்ஜெக்ட்>டில் வைத்தால் வரும். பலர் திகைப்பது இன்னொரு இடத்தில்: மதிப்பு திருப்பும் மெத்தட்டை ஒன்றும் திருப்பாத ஆக்‌ஷனில் வைக்கும்போது. 'வரும் மதிப்பைத் தூக்கிப்போட்டுவிட வேண்டியதுதானே' என்று தோன்றும், கம்பைலர் ஒப்பாது. () => மெத்தட்() என்று எழுதினால் ஒப்பும்.

அடைப்புக்குறிப் பிழைகள்: சிஎஸ்0029, சிஎஸ்0428

பில்முடிந்தது += ரசீதுஅச்சிடு(பில்);

இந்த வரி சீட்டைக் கட்டில் சேர்க்கச் சொல்லவில்லை. ரசீதை இப்போதே அச்சிட்டு, வந்த பலனைச் சேர் என்கிறது. பலன் வாய்டு (ஒன்றும் திருப்பவில்லை), அதனால் சிஎஸ்0029. அடைப்பை எடுத்தால் சரி. தலைகீழாக, தொகையை வாங்க வேண்டிய இடத்தில் அடைப்பை விட்டுவிட்டால் சிஎஸ்0428 வரும்: மெத்தட்டைக் கூப்பிட நினைத்தீர்களா என்று கம்பைலரே கேட்கும்.

2021இல் வந்த சி ஷார்ப் 10க்குப் பிறகு இந்த இரண்டாவது பிழை சில இடங்களில் சத்தமில்லாமல் நுழைந்துவிடுகிறது. வார் தொகை = மொத்தம்; என்று அடைப்பில்லாமல் எழுதினால் முந்தைய பதிப்புகள் கம்பைல் செய்யாது. இப்போது கம்பைலர் தானாகவே ஃபங்க்<இன்ட்> என்று டைப் ஊகித்துக்கொள்ளும். திரையில் தொகைக்குப் பதிலாக 'சிஸ்டம்.ஃபங்க்' என்று தொடங்கும் டைப் பெயர் அச்சாகிறதென்றால் அடைப்புக்குறிதான் விடுபட்டிருக்கிறது, கணக்கைத் தோண்ட வேண்டாம்.

கம்பைல் ஆகவில்லை: சிஎஸ்0070

ஈவென்ட்டை அது பிறந்த கிளாஸுக்கு வெளியிலிருந்து கூப்பிட்டாலோ = போட்டாலோ வருவது. வெளியாட்களுக்கு += உம் -= உம் மட்டும்தான் உரிமை. டிரைவ்டு கிளாஸும் இந்தக் கணக்கில் வெளியாள்தான். அங்கிருந்து எழுப்ப வேண்டுமானால் தாய் கிளாஸில் புரொடெக்டட் விர்ச்சுவல் மெத்தட் ஒன்று வைத்து, அதற்குள் ஈவென்ட்டை எழுப்புங்கள்.

இந்தப் பிழை வந்ததும் ஈவென்ட் என்ற கீவேர்டையே அழித்துவிட்டு வெறும் டெலிகேட் ஃபீல்டாக மாற்றுபவர்கள் உண்டு. கம்பைல் ஆகும். ஒருநாள் யாராவது += அடிக்க வேண்டிய இடத்தில் = அடிப்பார்; மற்ற எல்லோருடைய ஹேண்ட்லரும் (ஈவென்ட்டைக் கேட்கும் மெத்தட்) போய்விடும், எந்தப் பிழைச் செய்தியும் வராது. 'நேற்று வரை ஸ்டாக் குறைந்தது, இன்று குறையவில்லை' என்று புகார் வந்தால் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் தனியாக நிற்கும் = குறியைத் தேடுங்கள்.

வடிவம் ஒன்றேதான், ஆனாலும் மாற்ற முடியவில்லை

பிரெடிகேட்<இன்ட்>, ஃபங்க்<இன்ட், பூல்> இரண்டும் இன்ட் வாங்கி பூல் திருப்புபவை. ஆனாலும் அவை இரண்டு தனி டைப். ஒன்றை மற்றொன்றில் அப்படியே வைத்தால் சிஎஸ்0029. பழைய டெலிகேட்டின் பெயருக்குப் பின்னால் .இன்வோக் சேர்த்து, அடைப்பில்லாமல், மெத்தட்டாகக் கொடுங்கள். ஏற்றுக்கொள்ளும்.

நல்ரெஃபரன்ஸ்எக்ஸெப்ஷன், அதுவும் ஈவென்ட் எழும்பும் வரியில்

யாரும் கேட்கவில்லை என்றால் ஈவென்ட் நல். வெறும் கட்டு என்று ஒன்று கிடையாது; கடைசிச் சீட்டை -= செய்ததும் கட்டே நல் ஆகிவிடும். சரியான வடிவம் இது:

பில்முடிந்தது?.இன்வோக்(பில்);

?. குறி 2015இல் சி ஷார்ப் 6ஓடு வந்தது. அதற்கு முன் எழுதிய கோடில் 'நல்' தானா என்று ஒரு இஃப், அடுத்த வரியில் கூப்பிடுதல் என்று இருக்கும். சோதனைக்கும் கூப்பிடுதலுக்கும் நடுவே இன்னொரு த்ரெட் (கூடவே ஓடும் இன்னொரு வேலை) கடைசி ஹேண்ட்லரைக் கழற்றினால் எக்ஸெப்ஷன்தான். ஆயிரம் தடவை ஓடி, ஆயிரத்தொன்றாவது தடவை விழும் ரகம். ?. குறி ஈவென்ட்டை ஒரே ஒருமுறை படித்து, படித்ததையே சோதித்து, அதையே கூப்பிடும். அதனால் அந்த இடைவெளி இல்லை.

ஆனால் அதில் இன்னொன்று ஒளிந்திருக்கிறது. படித்து வைத்த கட்டு பழையது. அதற்குப் பிறகு கழன்றுகொண்ட ஹேண்ட்லரும் ஒருமுறை ஓடக்கூடும். மூடிய ஃபார்மில் ஆப்ஜெக்ட்டிஸ்போஸ்டுஎக்ஸெப்ஷன் எப்போதாவது எட்டிப்பார்த்தால் இதையும் கணக்கில் எடுங்கள். ஹேண்ட்லரின் முதல் வரியில் 'நான் மூடப்பட்டுவிட்டேனா' என்று பார்த்துத் திரும்பிவிடுவது நடைமுறைத் தீர்வு.

ஒரு பில்லுக்கு இரண்டு ரசீது, பிறகு மூன்று

மிகவும் பரவலான கோளாறு, ஆகவே படிப்படியாக.

முதல் பில்லில் லெங்த் பாருங்கள். ரசீதுஅச்சிடு மட்டும் சேர்ந்திருக்கிறது, 1 என்று வைப்போம். அமைப்புகள் ஃபார்மைத் திறந்து மூடிவிட்டு அடுத்த பில்லைப் போடுங்கள். 2. மறுபடி திறந்து மூடினால் 3. எண் எந்தச் செயலுக்குப் பிறகு ஏறுகிறதோ, அந்தச் செயல் ஓட்டும் மெத்தட்டுக்குள் ஒரு += இருக்கிறது. பெரும்பாலும் அது லோட், ஷோன், ஆக்டிவேட்டட் மாதிரியான இடம். அல்லது 'புதுப்பி' என்ற பெயரில் யாரோ எழுதிய மெத்தட்.

இப்போது லிஸ்ட்டை விரித்து ஒவ்வொரு சீட்டின் டார்கெட்டையும் பாருங்கள். எல்லாம் ஒரே ஆப்ஜெக்ட்டா, வெவ்வேறா? விஷுவல் ஸ்டுடியோவில் ஆப்ஜெக்ட்டின் மேல் ரைட் கிளிக் செய்து ஆப்ஜெக்ட் ஐடி கொடுத்தால் சந்தேகம் தீரும். ஒரே ஆப்ஜெக்ட் என்றால் += ஒரே ஆளிடம் பலமுறை ஓடியிருக்கிறது; அதைக் கன்ஸ்ட்ரக்டருக்கு மாற்றினால் முடிந்தது. வெவ்வேறு ஆப்ஜெக்ட் என்றால் கதை வேறு: மூடிய பழைய ஃபார்ம்கள் கட்டில் இன்னும் தொங்குகின்றன. கன்ஸ்ட்ரக்டருக்கு மாற்றுவதால் பயனில்லை, ஃபார்ம் மூடும்போது -= வேண்டும்.

எண் ஏறவே இல்லை, தொடக்கத்திலிருந்தே 2 என்று நிற்கிறதா? வின்டோஸ் ஃபார்ம்ஸில் டிசைனர் ஃபைலைத் திறந்து இனிஷியலைஸ்காம்போனென்ட்டுக்குள் பாருங்கள். பிராபர்ட்டீஸ் வின்டோவில் ஈவென்ட்டை இணைத்ததும் டிசைனர் அங்கே ஒரு += எழுதியிருக்கும். நீங்கள் கையால் எழுதியது இரண்டாவது.

+= க்கு முன்னால் ஒரு -= போட்டுவிடுவது பலரும் சொல்லும் வைத்தியம். ஒரே ஆப்ஜெக்ட்டின் பெயருள்ள மெத்தட்டுக்கு அது வேலை செய்யும். கட்டில் இல்லாததைக் கழற்றினால் பிழை எதுவும் வராது. ஆனால் அது காயத்துக்கு மேல் ஒட்டும் பிளாஸ்திரி. ஏன் இரண்டு முறை ஓடுகிறது என்ற கேள்வி அடியில் அப்படியே கிடக்கும்.

-= போட்டும் கழலவில்லை

லேம்டாவாகச் சேர்த்து லேம்டாவாகவே கழற்றப் பார்க்கிறீர்களா?

பில்முடிந்தது += பில் => ஸ்டாக்குறை(பில்);
பில்முடிந்தது -= பில் => ஸ்டாக்குறை(பில்);

கண்ணுக்கு ஒன்று, கம்பைலருக்கு இரண்டு. ஒவ்வொரு லேம்டாவுக்கும் தனி மெத்தட் உருவாகும். -= பார்ப்பது இரண்டை: மெத்தட் ஒன்றா, டார்கெட் அதே ஆப்ஜெக்ட்டா. இங்கே மெத்தட்டே வேறு, அதனால் எதுவும் நடக்காது, எந்தச் செய்தியும் வராது. லேம்டாவை ஒரு ஃபீல்டில் வைத்து அதையே சேர்த்து அதையே கழற்றுங்கள். கழற்ற வேண்டிய எதையும் பெயருள்ள மெத்தட்டாக எழுதிவிடுவது இன்னும் நல்லது.

பெயருள்ள மெத்தட்டாக இருந்தும் கழலாவிட்டால் டார்கெட்தான் வேறு. பழைய ஃபார்மில் சேர்த்ததைப் புது ஃபார்மிலிருந்து கழற்ற முயல்கிறீர்கள்.

மூன்றாவது வகை அரிது. கட்டுகளையே கழிப்பது. அ, ஆ, இ என்ற மூன்று சீட்டு உள்ள கட்டிலிருந்து, அ, இ இரண்டும் சேர்ந்த கட்டைக் கழித்தால் என்ன மிஞ்சும்? ஆ என்று சொல்லத் தோன்றும். மிஞ்சுவது மூன்றும்தான். கழிக்கும் கட்டு பெரிய கட்டுக்குள் அதே வரிசையில் அடுத்தடுத்து இருந்தால்தான் எடுக்கப்படும். ஒரே தொடர் இரண்டு இடத்தில் இருந்தால் கடைசியில் உள்ளது மட்டும் போகும். ஒவ்வொன்றாகக் கழற்றினால் இந்தத் தலைவலி இல்லை.

வேறு மெத்தட்டுக்குள் சேர்த்தேன், வெளியே தெரியவில்லை

டெலிகேட்டைப் பாராமீட்டராக வாங்கி உள்ளே += போட்டால் உள்ளே இருக்கும் வேரியபிள் மட்டும் புதுக் கட்டைக் காட்டும். ஸ்டிரிங்கை உள்ளே மாற்றினால் வெளியே மாறாததைப் போலத்தான். புதுக் கட்டைத் திருப்பிக் கொடுங்கள், அல்லது ரெஃப் போடுங்கள்.

மூன்று பேர் கேட்கிறார்கள், ஒருவருக்குத்தான் போகிறது

ரசீது வந்தது, ஸ்டாக் குறையவில்லை, எஸ்எம்எஸ்ஸும் போகவில்லை என்றால் ஸ்டாக்குறை எக்ஸெப்ஷன் எறிந்திருக்கிறது. சேர்த்த வரிசையில்தான் ஒவ்வொன்றாக ஓடும். நடுவில் ஒன்று விழுந்தால் அதற்குப் பின்னால் நிற்பவை ஓடாது, எக்ஸெப்ஷன் நேரே ஈவென்ட்டை எழுப்பிய வரிக்கு வந்து சேரும். அங்கே ஒரு ட்ரை கேட்ச் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டிருந்தால் சுவடே இருக்காது. கெட்இன்வொகேஷன்லிஸ்ட் கொடுக்கும் அரேயில் ஃபார்ஈச் ஓட்டி, ஒவ்வொரு சீட்டையும் தனித்தனி ட்ரைக்குள் கூப்பிட்டு, பிடித்த எக்ஸெப்ஷனைப் பதிவு செய்யுங்கள்.

ரிட்டர்ன் மதிப்பிலும் இதே லிஸ்ட் வேண்டும். தள்ளுபடி கணக்கிடும் மூன்று மெத்தட்டை ஒரே ஃபங்க்கில் சேர்த்துக் கூப்பிட்டால் மூன்றும் ஓடும், கைக்கு வருவது கடைசியின் விடை மட்டும். கூட்டுத்தொகை வராது.

எந்தப் பொத்தானை அழுத்தினாலும் ஒரே எண்

0 முதல் 4 வரை ஃபார் லூப், உள்ளே ஐந்து பொத்தான், ஒவ்வொன்றின் கிளிக்கிலும் எண்ணைக் காட்டும் லேம்டா. எதை அழுத்தினாலும் 5. அதிலும் 5 என்ற எண் உள்ள பொத்தானே கிடையாது, அதுதான் துப்பு.

லேம்டா எண்ணின் மதிப்பைப் பிடிக்கவில்லை, வேரியபிளையே பிடித்திருக்கிறது. ஃபார் லூப்புக்கு வேரியபிள் ஒன்றே ஒன்று. ஐந்து லேம்டாவும் அந்த ஒன்றையே பார்க்கின்றன, லூப் முடியும்போது அதில் இருப்பது 5. டீபக்கரில் ஐந்து சீட்டின் டார்கெட்டையும் ஒப்பிட்டால் ஐந்தும் ஒரே டிஸ்ப்ளேகிளாஸ் ஆப்ஜெக்ட்டாக இருக்கும். லூப்பின் உள்ளே ஒரு லோக்கல் வேரியபிள் வைத்து எண்ணை அதில் நகலெடுத்து, லேம்டாவில் அந்த நகலைப் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் தனி ஆப்ஜெக்ட் உருவாகும், டார்கெட்டும் ஐந்தாகப் பிரியும்.

ஃபார்ஈச்சில் இந்தச் சிக்கல் 2012இல் வந்த சி ஷார்ப் 5ஓடு தீர்ந்தது. அதிலிருந்து ஒவ்வொரு சுற்றுக்கும் புது வேரியபிள். ஃபார் லூப் இன்றும் பழையபடிதான். ஆகவே 'ஃபார்ஈச்சாக இருந்தபோது சரியாக ஓடியது, ஃபாராக மாற்றியதும் கெட்டுவிட்டது' என்பது நியாயமான புகார்.

ஸ்ட்ரக்ட்டின் மெத்தட் ஓடுகிறது, மதிப்பு ஏறவில்லை

எண்ணி ஒரு ஸ்ட்ரக்ட், கூட்டு அதன் மெத்தட். எண்ணி.கூட்டு என்பதை ஆக்‌ஷனில் வைத்து இரண்டு முறை கூப்பிட்டால் எண்ணியில் 0 தான் இருக்கும். டார்கெட்டில் உட்கார ஆப்ஜெக்ட் வேண்டும் என்பதால் சீட்டு எழுதும்போதே ஸ்ட்ரக்ட்டின் நகல் ஒன்று பாக்ஸ் ஆகிவிட்டது. அந்த நகலில் 2 இருக்கும். () => எண்ணி.கூட்டு() என்று லேம்டாவாக மாற்றினால் லோக்கல் வேரியபிளையே பிடிக்கும், மதிப்பும் ஏறும். எண்ணியைக் கிளாஸாக மாற்ற முடிந்தால் அதுவே மேல்.

ஆர்கியுமென்ட்எக்ஸெப்ஷன்: டெலிகேட்டுகள் ஒரே டைப்பாக இருக்க வேண்டும்

கம்பைலர் வாய் திறக்காது, ரன்டைம்தான் கத்தும். ஆக்‌ஷன்<ஆப்ஜெக்ட்> டைப்பில் ஒரு பொதுப் பதிவு டெலிகேட் இருக்கிறது. அதை ஆக்‌ஷன்<ஸ்டிரிங்> ஈவென்ட்டில் சேர்க்கிறீர்கள். டைப் கணக்குப்படி செல்லும், கம்பைல் ஆகும். ஈவென்ட் 'நல்' ஆக இருந்தால் ஓடவும் செய்யும்: ஒற்றைச் சீட்டு அப்படியே உள்ளே போகும், ஆனால் தன் பழைய டைப்போடு. இரண்டாவதாக ஓர் அசல் ஆக்‌ஷன்<ஸ்டிரிங்> வந்து சேரும்போதுதான் வெடிக்கும். இதனால் பழி இரண்டாவது ஆளின் மேல் விழும், தவறு முதல் ஆளுடையது. வேரியபிளைச் சேர்க்காமல் மெத்தட்டின் பெயரையே சேர்த்தால் சரியான டைப்பில் சீட்டு உருவாகும். வேரியபிள்தான் கையில் இருக்கிறது என்றால் அதன் .இன்வோக்கைச் சேருங்கள்.

அசிங்க்: காத்திருக்கச் சொன்னேன், காத்திருக்கவில்லை

ஃபங்க்<டாஸ்க்> டைப்பில் மூன்று அசிங்க் (வேலை முடியும் முன்பே திரும்பக்கூடிய) ஹேண்ட்லர். அவெய்ட் போட்டுக் கூப்பிட்டால் மூன்றும் தொடங்கும். கைக்கு வருவது கடைசியின் டாஸ்க், காத்திருப்பு அதற்கு மட்டும். முதல் இரண்டு முடிந்தனவா, விழுந்தனவா என்று யாரும் பார்ப்பதில்லை. லிஸ்ட்டை விரித்து ஒவ்வொன்றையும் கூப்பிட்டு, வரும் டாஸ்க்குகளைச் சேர்த்து டாஸ்க்.வென்ஆல் கையில் கொடுங்கள்.

இதைவிட மோசமானது அசிங்க் லேம்டாவை ஆக்‌ஷன் கேட்கும் இடத்தில் கொடுப்பது. லிஸ்ட் என்ற கிளாஸின் (இன்வொகேஷன் லிஸ்ட் அல்ல) ஃபார்ஈச் மெத்தட் நல்ல உதாரணம். எச்சரிக்கை வராது, லேம்டா அசிங்க் வாய்டாக மாறிவிடும். ஃபார்ஈச் உடனே திரும்பும், வேலை பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே எக்ஸெப்ஷன் வந்தால் நீங்கள் சுற்றி வைத்த ட்ரை கேட்ச் அதைப் பிடிக்காது. கன்சோல் புரோகிராமிலோ சர்வீஸிலோ புராசஸே விழும். சாதாரண ஃபார்ஈச் லூப்புக்குள் அவெய்ட் எழுதுங்கள், அல்லது பாராமீட்டரை ஃபங்க்<டாஸ்க்> ஆக மாற்றுங்கள்.

ஃபார்மை மூடினாலும் மெமரி இறங்கவில்லை

பில்கவுன்டர் புரோகிராம் முடியும்வரை வாழ்கிறது. அதன் ஈவென்ட்டில் ஃபார்மின் சீட்டு இருக்கிறது. சீட்டின் டார்கெட் ஃபார்ம். ஆகவே கார்பேஜ் கலெக்டரின் (பயனற்ற ஆப்ஜெக்ட்டுகளின் மெமரியை மீட்கும் ரன்டைம் பகுதி) கண்ணில் ஃபார்ம் இன்னும் பயனில் உள்ள பொருள். அதில் இருக்கும் கிரிட், படங்கள், டேட்டா எல்லாம் கூடவே தங்கும். நீண்ட நாள் வாழ்பவனிடம் குறுகிய நாள் வாழ்பவன் பதிவு செய்தால்தான் இந்தச் சிக்கல். தன் பொத்தானின் கிளிக்கை ஃபார்ம் கேட்பதில் பாதகமில்லை, இரண்டும் ஒன்றாகவே போய்ச் சேரும். ஸ்டாட்டிக் ஈவென்ட் என்றால் மட்டும் எப்போதும் சந்தேகப்படுங்கள்.

சோதிக்க, ஃபார்மைப் பத்து முறை திறந்து மூடி, மெமரி ஸ்னாப்ஷாட் எடுத்து அந்த டைப்பில் எத்தனை ஆப்ஜெக்ட் மிச்சம் என்று எண்ணுங்கள். பத்தும் இருந்தால் ஒன்றைத் தேர்ந்து, வேர் வரை செல்லும் பாதையைப் பாருங்கள். நடுவில் ஈவென்ட்டின் டெலிகேட் டைப் பெயர் (ஈவென்ட்ஹேண்ட்லர் போன்றது) நிற்கும். ஃபார்ம் மூடும் இடத்தில் -= போடுங்கள். எப்போது மூடும் என்று நிச்சயமில்லாத டபிள்யூபிஎஃப் கன்ட்ரோல்களுக்கு வீக்ஈவென்ட்மேனேஜர் இருக்கிறது.

ஃபார்ம் இல்லை, வெறும் லேம்டா, ஆனாலும் பெரிய பைட் அரே தங்குகிறதா? ஒரே ஸ்கோப்பில் இருக்கும் லேம்டாக்கள் பிடிக்கும் வேரியபிள்கள் எல்லாம் ஒரே டிஸ்ப்ளேகிளாஸ் ஆப்ஜெக்ட்டுக்குள் போகும். சின்ன எண்ணை மட்டும் தொடும் லேம்டா உயிரோடு இருந்தாலும், பக்கத்து லேம்டா தொட்ட அரேயும் சேர்ந்து தங்கும். ஒன்றைத் தனி மெத்தட்டுக்கு நகர்த்துங்கள். எதையும் பிடிக்கவே கூடாத லேம்டாவின் முன் ஸ்டாட்டிக் என்று எழுதலாம், 2020இல் வந்த சி ஷார்ப் 9 முதல். தவறிப்போய் ஒரு லோக்கல் வேரியபிளைத் தொட்டால் சிஎஸ்8820 காட்டிக்கொடுக்கும்.

நேட்டிவ் லைப்ரரிக்குக் கொடுத்த கால்பேக்: சிறிது நேரம் ஓடிவிட்டு விழுகிறது

சி லைப்ரரிக்கு டெலிகேட்டைக் கால்பேக்காக (லைப்ரரி நம்மைத் திரும்பக் கூப்பிட) கொடுத்தால், கொடுத்த அந்த ஒரு கூப்பிடுதல் முடியும்வரை ரன்டைம் அதைக் காப்பாற்றும். லைப்ரரி அந்த முகவரியைச் சேமித்து வைத்துப் பிறகு கூப்பிடப்போவது ரன்டைமுக்குத் தெரியாது. மேனேஜ்டு (அதாவது டாட்நெட்) பக்கத்தில் யாரும் டெலிகேட்டைப் பிடிக்கவில்லை என்றால் அடுத்த கலெக்‌ஷனில் அது போகும். லைப்ரரி கூப்பிடும்போது அங்கே ஒன்றுமில்லை; கார்பேஜ் கலெக்ட் செய்யப்பட்ட டெலிகேட்டின் மேல் கால்பேக் வந்தது என்ற செய்தியோடு புராசஸ் மடியும்.

டீபக் பில்டில் ஓடி, ரிலீஸ் பில்டில் விழுவது இதன் கைரேகை. டீபக்கில் லோக்கல் வேரியபிள் மெத்தட் முடியும்வரை உயிரோடு வைக்கப்படும். ரிலீஸில் கடைசியாகப் பயன்பட்ட வரியோடு முடிந்தது. சந்தேகத்தை உறுதி செய்ய, கால்பேக்கைப் பதிவு செய்த உடனே ஜிசி.கலெக்ட் கூப்பிட்டுப் பாருங்கள். சிறிது நேரம் கழித்து விழுந்தது உடனே விழுந்தால் காரணம் இதுவே.

டெலிகேட்டை ஒரு ஸ்டாட்டிக் ஃபீல்டில் வைத்து, அந்த ஃபீல்டையே லைப்ரரிக்குக் கொடுங்கள். மார்ஷல் வழியாக ஃபங்ஷன் பாயின்டர் எடுத்து அதைச் சேமித்தால் போதாது. பாயின்டர் வெறும் எண், டெலிகேட்டைப் பிடிக்காது. ஃபீல்டில் வைத்த பிறகும் 32 பிட்டில் மட்டும் விழுந்தால் காலிங் கன்வென்ஷனை (ஆர்கியுமென்ட்டுகளைக் கைமாற்றும் முறை) பாருங்கள்: வின்டோஸில் டீஃபால்ட் எஸ்டிடிகால், பல சி லைப்ரரிகள் எதிர்பார்ப்பது சிடெக்ல். டெலிகேட்டின் மேல் அன்மேனேஜ்டுஃபங்ஷன்பாயின்டர் ஆட்ரிபியூட் போட்டு அதைச் சொல்லிவிடுங்கள்.

பழைய கோடைப் புது டாட்நெட்டுக்கு மாற்றியதும் பிளாட்ஃபார்ம்நாட்சப்போர்ட்டடுஎக்ஸெப்ஷன்

டெலிகேட்டின் மேல் பிகின்இன்வோக் கூப்பிடும் வரி எங்கோ இருக்கிறது. டாட்நெட் கோர் முதல் அது கம்பைல் ஆகும், ஓடாது. டாஸ்க்.ரன் போட்டு, எண்ட்இன்வோக் இருந்த இடத்தில் அவெய்ட் எழுதுங்கள். தேடி மாற்றும்போது கை தவறக்கூடாத இடம் ஒன்று: வின்டோஸ் ஃபார்ம்ஸ் கன்ட்ரோலுக்கும் பிகின்இன்வோக் என்ற பெயரில் ஒரு மெத்தட் உண்டு. அது யூஐ த்ரெட்டுக்கு வேலை அனுப்புவது, இன்றும் நன்றாக ஓடுகிறது. அதையும் டாஸ்க்.ரன் ஆக்கினால் அடுத்து கிராஸ் த்ரெட் எக்ஸெப்ஷன் வந்து நிற்கும். ஆகவே ஒட்டுமொத்த ரீபிளேஸ் வேண்டாம். புள்ளிக்கு முன்னால் இருப்பது டெலிகேட்டா கன்ட்ரோலா என்று ஒவ்வொரு இடத்திலும் பார்த்து மாற்றுங்கள்.